இரும்புச் செடி

பக்கத்துப் பட்டறையில் ரம்பம் ஓட ஆரம்பித்தால் செத்துப்போனவருடைய விளக்கு பளிச்சென்று எரியும். ரம்பத்தை நிறுத்தினால் பழையபடி மஞ்சளாகிவிடும்.

அவர் தம்பி சின்னவன் இதை என்னிடம் வந்து சொன்னபோது நான் கையிலிருந்த ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் மெத்தை தைக்கிறவன். இலவம் பஞ்சு என்று சொல்லி உள்ளே என்னவெல்லாம் போகிறது என்று தெரிந்தவனுக்கு அடுத்தவர் பேச்சில் சட்டென்று நம்பிக்கை வராது.

"வெயிலு உன் மண்டையில ஏறியிருக்கு. போய் ரெண்டு சொம்பு தண்ணி குடி" என்றேன்.

"வெளையாடாதீங்கண்ணே. வந்து பாருங்க. நான் பொய் சொல்றேனா, இல்ல எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுப் போங்க."

அவன் முகம் வேர்த்திருந்தது. அந்த வருஷம் எல்லோர் முகமும் வேர்த்துத்தான் கிடந்தது. மழைக்காலம் முடிந்து அதன் பிறகு ஒரு தூறல் இல்லை. தெருவில் காற்று அடித்தால் பட்டறை மரத்தூளும் என் பஞ்சும் சேர்ந்து பறந்து எல்லோரையும் தும்ம வைத்தன. ஆனால் இவனுடைய வேர்வை அந்த வேர்வை இல்லை. ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு எழுந்தேன்.

எனக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கடைசல்காரர் கட்டில் கால் கடைவார். இந்தப் பக்கம் நான் மெத்தை தைப்பேன். "ஊரைத் தூங்க வைக்கிறதே நாம ரெண்டு பேருதான், பஞ்சு" என்பார். என்னைப் பஞ்சு என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அதுவும் நாங்கள் தனியாக இருக்கும்போது மட்டும். நாலு பேர் முன்னால் மரியாதையாக மெத்தைக்காரரே என்று கூப்பிடுவார். கை நடுக்கம் வந்து, உளி பிடிக்க முடியாமல் போய், படுத்து, மழை ஓய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி, தம்பி, தம்பி பெண்டாட்டி, மூன்று மெஷின்கள், இவ்வளவுதான் மிச்சம். மனைவியை நான் அக்கா என்பேன். தம்பியைத் தெருவே சின்னவன் என்று கூப்பிடும்.

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. வாசலை ஒட்டி ரம்பம், நடுவில் துளை போடும் மெஷின், கடைசியில் சுவரோரம் கடைசல் மெஷின். அதற்குப் பின்னால் கதவைத் திறந்தால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை. தரை முழுக்க மரச்சீவல். கடைசல் மெஷினுக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். அவர் போன நாளிலிருந்து அக்கா அதை அணைக்கவில்லை. அந்த மூலை இருட்டாகக் கிடந்தால் தாங்க முடியவில்லை என்றாள். மெஷினை யாரும் போடக்கூடாது என்று அதன் ஃபியூஸை மட்டும் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்திருந்தாள்.

நான் போனபோது அக்கா அந்த விளக்கடியில் பலகை மேல் உட்கார்ந்து கட்டில் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கண்ணே" என்று சொல்லிச் சின்னவன் ரம்பத்தின் பெல்ட்டைக் கையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். ரம்பம் முக்கியது, முனகியது, பிறகு மனசில்லாமல் சுற்றியது. முன்னெல்லாம் அது அப்படி ஓடாது. போட்டால் என் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும்.

மூலையில் மஞ்சளாகக் கிடந்த பல்பு வெளுத்தது. கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. வீட்டுக்குள் ஃபேன் விர்ரென்று வேகம் எடுப்பது கேட்டது. கடைசல் மெஷினின் நிழல் தரையில் கன்னங்கரேல் என்று விழுந்தது. அக்கா தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"தம்பி வேலையில இறங்கிட்டா அவருக்கு எப்பவுமே சந்தோஷம்தான்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இங்க வாங்க தம்பி. இதுமேல கையை வைங்க. அழுத்தக் கூடாது. சும்மா தடவுங்க."

கடைசல் மெஷினின் இரும்பு முதுகில் விரலை வைத்தேன். காலில் ரப்பர் செருப்பு, அடியில் காய்ந்த மரச்சீவல். விரல் நகர நகர இரும்பு நடுங்கியது. மெஷின் ஓடுகிற அதிர்வு இல்லை, அதுதான் ஓடவே இல்லையே. தோலுக்கு அடியில் ஏதோ விடாமல் பதறுகிற மாதிரி மெல்லிய நடுக்கம்.

"கடைசி நாள்ல அவரு கையைப் பிடிச்சிருக்கீங்கல்ல? இப்படித்தானே இருந்துச்சு?"

இப்படியேதான் இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பொய் வரவில்லை. சின்னவன் ரம்பத்தை நிறுத்தினான். பல்பு மஞ்சளானது. என் விரலுக்கு அடியில் இருந்தது வெறும் இரும்பு, சில்லென்று. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தைக்க எனக்கு மனசு வரவில்லை, திண்டை இழுத்து நடு அறையில் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏற ஏற அந்த வீட்டில் தொல்லையும் ஏறியது. பல்பு ஒரு நாள் டப்பென்று வெடித்தது. அக்கா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி எடுத்துவிட்டு அடுத்த பல்பை மாட்டினாள். சின்னவன் பெண்டாட்டியின் மிக்ஸி புகைந்து போனது. ரம்பமோ பலகையில் பாதி தூரம் போனதும் சோர்ந்து நின்றது.

"யாரோ பின்னால நின்னு பெல்ட்டைப் பிடிக்கிற மாதிரி இருக்குண்ணே" என்று சின்னவன் என் கடை வாசலில் வந்து குந்தினான். "நாம தள்ளத் தள்ள அவரு பிடிக்கிறாரு. போதும்டா, நிறுத்துடாங்கிற மாதிரி. என்னிக்காவது பலகை எகிறி என் கை உள்ள போகும், அன்னிக்குத்தான் எல்லாருக்கும் புரியும்."

"வயர்மேனைக் கூட்டிட்டு வந்து காட்டலாமில்ல?"

"அண்ணி விட்டாத்தானே? அந்த ஒயரை ஒருத்தரும் தொடக்கூடாதாம். அண்ணன் கையால இழுத்த ஒயராம்." குரலைத் தாழ்த்தினான். "தெருக்கோடியில ஒரு கொட்டகை பாத்திருக்கேன். ரம்பத்தையும் துளை மெஷினையும் அங்க தூக்கிட்டுப் போயிடலாம். கடைசல் மெஷினை யாருக்காவது குடுத்துடலாம். நீங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க."

பூனைக்கு மணி கட்டுகிற வேலை என்றால் இந்தத் தெருவில் என் ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். போனேன். அக்கா கடைசல் மெஷினின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஏதோ பேசிக்கொண்டும் இருந்தாள். கதவுச் சட்டம் கோணலாகிவிட்டது, மூன்றாவது வீட்டுக்காரர் கட்டிலை வாங்கிப் போகவே இல்லை, இப்படி அன்றாடச் சமாச்சாரம். நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பேசி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் அனுப்பினானா?"

"பயப்படுறான்க்கா. சின்னஞ்சிறுசுங்க. வாழ வேண்டியதுங்க."

"நான் மட்டும் சாகவா உக்காந்திருக்கேன்? இத்தனை வருஷத்துல அவரு இப்படி ஒரு நாள் முழுக்க என் பக்கத்துல இருந்ததில்ல தம்பி. எந்நேரமும் முதுகுதான் தெரியும். உளியும் கட்டையும்தான். இப்பத்தான் கையைக் குடுத்துட்டு உக்காந்திருக்காரு. போறவங்க போகட்டும். இந்த மெஷினை எடுக்கணும்னா முதல்ல என்னைத் தூக்கி வெளியில போட்டுட்டு எடுங்கடான்னு சொல்லிடுங்க."

போன வழியே திரும்பினேன்.

அப்புறம் வந்தது அந்த மத்தியானம். நான் சாப்பிட்டுவிட்டு உறைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் ரம்பம் முனகியபடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஒரு சத்தம் வந்தது. பெண்பிள்ளைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தொண்டைக்குள்ளேயே கத்துகிற சத்தம். ரம்பம் நின்றது, அந்தச் சத்தமும் நின்றது.

ஓடினேன். சின்னவன் பெண்டாட்டி கடைசல் மெஷினடியில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் குடம் உருண்டு தரையெல்லாம் தண்ணீர். புருஷனுக்குக் குடிக்கக் கொண்டுவந்த குடம் கை தவறிக் கொட்டியிருக்கிறது. வெறுங்காலோடு குனிந்து துடைத்திருக்கிறாள். எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்குக் கடைசல் மெஷினில் கையை ஊன்றியிருக்கிறாள்.

"ஃபியூஸைப் புடுங்குடா!" என்று கத்தினேன்.

"அதுக்குத்தான் ஃபியூஸே இல்லையேண்ணே!" என்று அவனும் கத்தினான். அழுதுகொண்டே கத்தினான்.

ஃபியூஸ் டிராயருக்குள்ளேயே இருந்தது. திறந்து பார்த்தேன், அப்படியே இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு சீராக இருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார். உள்ளங்கையில் வெளுத்துப்போன கோடு ஒன்று விழுந்திருந்தது, அதற்கு மருந்து போட்டுக் கட்டினார். அவர் போன பிறகு அந்தப் பெண் கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"மாமாதான் பிடிச்சாரு. நான் கையை எடுக்கப் பாத்தேன், அவரு விடல. இழுக்க இழுக்க இறுக்கிப் பிடிச்சாரு. அப்புறம் ஒரே தள்ளு. நான் இந்த வீட்டுக்கு வந்தது அவருக்குப் பிடிக்கல. உயிரோட இருக்கும்போது நல்லவரு மாதிரி இருந்தாரு, இப்பக் காட்டுறாரு."

"நாளைக்கே பூட்டிட்டுப் போயிடலாம்" என்றான் சின்னவன். "அண்ணனா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன. பொண்டாட்டியைக் காவு குடுத்துட்டு எனக்கு என்ன பட்டறை வேண்டிக் கிடக்கு?"

அக்கா கதவோரம் டம்ளரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உள்ளே வந்து டம்ளரைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

"அவரு யாரையும் தள்ளல" என்றாள். "இருந்தப்பவும் தள்ளல, இப்பவும் தள்ளல. நான்தான் தள்ளினேன்."

யாருக்கும் விளங்கவில்லை.

"கொல்லையில ஒரு குழாய் புதைச்சிருக்காருல்ல, அதுக்குத் தினமும் தண்ணி ஊத்தச் சொன்னாரு. படுக்கையில கிடந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. காலையில மெஷின் போடறதுக்கு முன்னால ஒரு வாளி, வெயில் காலத்துல ரெண்டு வாளி, மறந்துடாதே, மறந்தா ஆபத்துன்னாரு. நானும் ஊத்திக்கிட்டுதான் வந்தேன். ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன், ஊத்தல. மறுநாளும் எழுந்திருக்க முடியல. அதுக்கு அடுத்த நாளு வந்து உக்காந்தேன். விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுது. மெஷின்ல கையை வெச்சேன். அவரு கை."

அவள் அழவில்லை, பேச்சில் தடுமாற்றமும் இல்லை.

"திரும்பத் தண்ணி ஊத்தினேன். போயிட்டாரு. கல்லு மாதிரி ஆயிடுச்சு மெஷினு. அதுக்கப்புறம் நான் ஊத்தல. ஆபத்துன்னு சொன்னது காதுல விழாம இல்ல. ஆபத்து எனக்குத்தானே, வந்தா வந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். நீ ஈரத்துல நின்னு கையை வைப்பேன்னு நெனைக்கல கண்ணு." அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி. அவரைச் சொல்லாதே."

அந்தக் குழாய் எனக்கும் தெரியும். எத்தனை காலையில் கொல்லைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறேன்! மண்ணிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு துருப்பிடித்த குழாய், அதன் கழுத்தில் ஒரு கம்பி. கடைசல்காரர் குனிந்து வாளியைக் கவிழ்ப்பார். "என்ன செடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பேன். "இரும்புச் செடி. இலை விட்டா முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன், பஞ்சு" என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். சின்னவன் எழுந்து வருவதற்குள் இந்தக் கூத்து முடிந்துவிடும். வெயில் உறைக்காமல் அவன் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

சாயங்காலம் அக்கா கொல்லைக்குப் போனாள். நானும் கூடப் போய்க் கிணற்றில் இறைத்துக் கொடுத்தேன். குழாயைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அவள் ஊற்றினாள். மண் குடித்தது. குடிக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது, மடக் மடக் என்று. நுரை வந்தது, அடியிலிருந்து காற்றுக் கொப்பளித்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. நான் வாளியோடு ரெண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவள் நகரவில்லை.

"இவ்வளவு தாகத்தோட இருந்திருக்காரு" என்றாள். "நான் பாட்டுக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மறுநாள் காலை சின்னவன் ரம்பத்தைப் போட்டான். என் காலண்டர் ஆடியது. எழுந்து போய்ப் பார்த்தேன். மூலையில் பல்பு மஞ்சளாகவே எரிந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அக்கா மெஷின் முதுகில் கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். பிறகு கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வயர்மேன் வந்தார். இந்தத் தடவை அக்காவே வரச் சொன்னாள். போர்டைக் கழற்றி, மேலே ஏறி, கொல்லைக்குப் போய், திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க இதைச் செஞ்சது? கம்பத்துலருந்து மூணு ஃபேஸு வருது, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயரு வரல. அறுந்த ஒயரை மடக்கிக் கட்டிட்டு, அதுக்குப் பதிலா கொல்லைக் குழாயில போட்டிருக்காரு."

"பழைய இழைப்பு மெஷின் இருந்த காலத்துல ஒரு காத்துல அறுந்துச்சு" என்றான் சின்னவன். "அந்தப் பெரிய மெஷின் மூணு ஃபேஸுலயே ஓடும், நியூட்ரல் கேக்காது. விளக்குக்கு மட்டும்தானேன்னு அண்ணன் இப்படிக் கட்டிட்டாரு. அப்புறம் அதை வித்துட்டு இந்தச் சின்ன மெஷினுங்களை வாங்கினோம். ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு ஃபேஸுல மாட்டினாரு. ஓடுச்சு. அப்படியே விட்டுட்டோம்."

"ஓடத்தான் ஓடும், மண்ணு ஈரமா இருக்கிற வரைக்கும். மூணு மாட்டை ஒரே முளையில கட்டியிருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. அந்தக் குழாய்தான் முளை. முளை இறுகி நின்னா அதது அததோட இடத்துல நிக்கும். மண்ணு காஞ்சு முளை ஆடுச்சுன்னா பலமான மாடு முளையையே தன் பக்கம் இழுத்துடும். உங்க ரம்பம் அந்த மாடு. மத்த ரெண்டுக்கும் கயிறு விறைச்சுப் போகும். அதான் பல்பு வெடிச்சுது, மிக்ஸி எரிஞ்சுது." கடைசல் மெஷினைக் காட்டினார். "இதோட உடம்பையும் அதே குழாயிலதான் கட்டியிருக்காரு. இருக்கிறதுலயே நல்ல தடிச்ச ஒயரு இதுக்குத்தான். எந்நேரமும் கை படுற மெஷினு, ஷாக் அடிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்காரு. ஆனா முளை ஆடும்போது அந்த ஒயரு வழியாவே கரண்ட் இங்க வந்து நிக்கும். ஃபியூஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. செருப்போட காஞ்ச தரையில நின்னு தடவினா விரலுக்கு நடுங்குற மாதிரி இருக்கும், ஈரத்துல வெறுங்காலோட தொட்டா ஆளையே தூக்கிப் போடும்."

கம்பத்தில் ஏறுகிற ஆளைக் கூட்டி வந்து நியூட்ரலைப் புதிதாக இழுத்தார்கள். ரம்பம், துளை மெஷின், ஃபேன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் ஒவ்வொன்றாக நிறுத்தியும் வயர்மேன் பார்த்தார். விளக்கு அசையவே இல்லை. சின்னவன் பெண்டாட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சின்னவன் எனக்குக் கேட்காத ஏதோ ஒன்றைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான். தெருக்கோடிக் கொட்டகைப் பேச்சு அன்றோடு முடிந்தது.

வயர்மேன் பையைக் கட்டும்போது அக்கா கேட்டாள். "இனிமே நான் தண்ணி ஊத்தலன்னா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. கவலைய விடுங்க."

"ஒண்ணுமே ஆகாதா?"

"ஒண்ணுமே ஆகாது. மாசக்கணக்கா ஊத்தாட்டியும் விளக்கு அப்படியேதான் எரியும்."

நல்ல சேதி சொன்ன திருப்தியில் அவர் போய்விட்டார். அக்கா விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு போய் அதை அணைத்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்த நாள் அது. எனக்கு மட்டும், ஒரே ஆளை ரெண்டாம் தடவை வழியனுப்பிவிட்டு நிற்கிறாளே, ஆறுதல் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது.

அதற்குப் பிறகு திண்டைப் பழையபடி சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு காலையில், தெரு இன்னும் கண் விழிக்காத நேரம், கொல்லையில் வாளிச் சத்தம் கேட்டது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி குழாயடியில் குனிந்திருந்தாள். மண் கறுப்பாக ஊறியிருந்தது.

"இன்னும் எதுக்குக்கா? அதான் ஒயர் போட்டாச்சே" என்றேன். பிறகு, சும்மா பேச்சுக்கு, பழைய வழக்கத்தில் வாய் தவறி, "என்ன செடி வெச்சிருக்கீங்க?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பவில்லை.

"இரும்புச் செடி" என்றாள். "இலை விட்டா முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன், பஞ்சு."

அவள் என்னை அதற்கு முன் ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. எப்போதும் தம்பி, எப்போதும் நீங்கதான். பஞ்சு என்ற பேர் அவள் காதில் விழுந்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் பேச்சு இருக்கும், இதையும் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். வாளியைப் பிடித்திருந்த கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வாளியின் கனம்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். வாளி காலியாக இருந்தது.